வரி இல்லை, வரிசை உண்டு

எழுதி ரொம்ப நாளாச்சு மக்களே. ஆபீஸ்ல ஆணி அதிகம்னு வழக்கமான சாக்கைச் சொல்லிட்டு நேரா விஷயத்துக்கு வந்துடறேன். இன்னிக்குக் கொஞ்சம் சீரியஸ் மேட்டர், நீளமும் ஜாஸ்தி. டீ போட்டு எடுத்துக்கிட்டு வந்து உட்காருங்க.

நான் இருக்கிறது ஆஷ்ஃபோர்டு. இங்கிலாந்தோட தென்கிழக்கு மூலையில, கென்ட் மாவட்டத்துல இருக்கிற ஊர். இங்கேருந்து டோவர் துறைமுகம் காரில் அரை மணி நேரம். டோவர்ல நின்னு பார்த்தா, வானம் தெளிவா இருக்கிற நாள்ல அக்கரை கண்ணுக்கே தெரியும். நடுவுல வெறும் 21 மைல் கடல். அந்தப் பக்கம் பிரான்ஸ்.

போன சனிக்கிழமை முருங்கைக்காய் வாங்கலாம்னு நம்ம ஊர் தமிழ்க் கடைக்குப் போனேன். கடைக்காரர் யாழ்ப்பாணத்துக்காரர். முப்பது வருஷத்துக்கு மேல இந்த நாட்டில் இருக்கார். பேர் வேண்டாம், கடைப் பேரும் வேண்டாம், அண்ணன்னே வெச்சுக்குவோம். காய் பின்னாடி ஸ்டோர்ல இருக்குன்னு உள்ளே கூட்டிட்டுப் போனார். அங்கே தரையில ஒரு மரப் பாலட். சரக்கை அடுக்கி ஃபோர்க்லிஃப்ட்ல தூக்குவாங்களே, அந்தப் பலகை. அதுமேல வரிசையா கறிவேப்பிலைத் தொட்டிகள்.

"என்னண்ணே, பாலட்டுல தோட்டம் போட்டுட்டீங்க?"

"பின்ன என்ன தம்பி செய்யிறது? பாரிசுக்குப் போகவெண்டு கடைசியா சரக்கு அடுக்கின பாலட் இது. போகேல்லை."

அந்த ஒத்தை வார்த்தை, "போகேல்லை", வீட்டுக்கு வந்தும் மண்டைக்குள்ள ஓடிக்கிட்டே இருந்தது. அதான் இந்தப் பதிவு.

அண்ணனோட மச்சானுக்கு பாரிஸ்ல கடை. லா சப்பல் பக்கம். போனவங்களுக்குத் தெரியும், அந்தத் தெருவுல நடந்தா பாரிஸ்ல இருக்கோமா யாழ்ப்பாணம் பெரிய கடைத்தெருவுல இருக்கோமான்னு சந்தேகம் வரும். லண்டன்ல இறங்குற கன்டெய்னர் சரக்கை அண்ணன் மொத்தமா வாங்கி, இங்கே சின்னச் சின்னப் பாக்கெட்டாப் போட்டு, வாரம் ஒரு பாலட் மச்சானுக்கு அனுப்புவார். பாக்கெட் போட ஒரு அக்கா வாரத்துல ரெண்டு நாள் வேலைக்கு வருவாங்க. பனங்கட்டி, ஒடியல் மா, மாசிக் கருவாடு, மிளகாய்த்தூள். அந்த வேன்லயே மாமியாருக்கு மருந்தெண்ணெய், சொந்தக்காரங்களுக்குக் கல்யாணக் கார்டு எல்லாம் போகும். வெள்ளிக்கிழமை சாயந்திரம் ஏத்தினா சனிக்கிழமை காலையில லா சப்பல்ல கடை திறக்கிறதுக்குள்ள சரக்கு அங்கே இருக்கும். ஒரு பில், அவ்வளவுதான் பேப்பர்.

இது 2020 டிசம்பர் வரைக்கும் கதை.

* * *

பின்னணி தெரியாதவங்களுக்கு ஒரு சின்ன கிளாஸ். தெரிஞ்சவங்க இந்தப் பகுதியைத் தாண்டிப் போயிடலாம் :-)

2016 ஜூன் 23 அன்னிக்கு நடந்த வாக்கெடுப்புல ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறணும்னு 51.9 சதவீதம் பேர் ஓட்டுப் போட்டாங்க. 2020 ஜனவரி 31-ல பிரிட்டன் வெளியேறிச்சு. ஆனா அந்த வருஷக் கடைசி வரைக்கும் பழைய விதிகளே ஓடிச்சு. நிஜமான பிரிவு 2021 ஜனவரி 1-ஆம் தேதி.

அன்னிக்கு ரெண்டு விஷயத்துல இருந்து ஒரே நேரத்துல வெளியே வந்தாங்க. ஒண்ணு சுங்க ஒன்றியம். ஒரு கூட்டுக் குடும்ப வீடுன்னு நினைச்சுக்கோங்க. வெளியே ஒரே காம்பவுண்டு சுவர். சரக்கு ஏதாவது ஒரு வாசல்ல வரி கட்டி உள்ளே வந்துட்டா, அப்புறம் எந்த ரூமுக்கும் போகலாம், யாரும் கேட்க மாட்டாங்க. ரெண்டாவது ஒற்றைச் சந்தை. இது ரூமுக்கு ரூம் வேற வேற சட்டம் இல்லாம ஆக்கினது. ஒரு ரூம்ல விற்கலாம்னு ஒத்துக்கிட்ட சரக்கை அடுத்த ரூம்ல மறுபடி சோதனை பண்ண வேண்டாம்.

இதுல தமாஷ் என்னன்னா, இந்த ஒற்றைச் சந்தையைக் கட்டினதுல பெரிய பங்கு பிரிட்டனோடது. 1985-ல அதுக்கான வரைவைப் போட்ட காக்ஃபீல்ட் பிரபு, மார்கரெட் தாட்சர் அனுப்பி வெச்ச ஆள். கிட்டத்தட்ட 300 தடைகளைப் பட்டியல் போட்டு எடுக்கச் சொன்னார். 1993 ஜனவரி 1-ல எல்லைச் சுங்கச் சோதனை ஒழிஞ்சது. எந்தக் கட்சி கட்டிச்சோ அதே கட்சி 28 வருஷம் கழிச்சு இடிச்சுது.

வெளியேறினதுக்குப் பதிலா 2020 டிசம்பர் 24-ல, கிறிஸ்துமஸுக்கு முதல் நாள், ஒரு வர்த்தக ஒப்பந்தம் முடிஞ்சது. சுங்கவரி பூஜ்யம், அளவுக் கட்டுப்பாடு பூஜ்யம். அப்போதைய பிரதமர் போரிஸ் ஜான்சன் டிவியில தோன்றி, வரியல்லாத தடைகளும் இருக்காதுன்னு அறிவிச்சார்.

நம்ம அண்ணனும் அதைப் பார்த்தார். "வரி இல்லையாம், பிறகென்ன பிரச்சினை?" என்று மச்சானுக்கு போன் போட்டாராம்.

* * *

2021 ஜனவரியில அண்ணன் வழக்கம்போல ஒரு பாலட் அனுப்பினார். அது அக்கரையில மாட்டி, ஒன்பது நாள் நின்னு, திரும்பி வந்தது. அண்ணன் ஒவ்வொண்ணா விளக்கினதையும் நான் ஆபீஸ் நண்பர்கள்கிட்ட கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டதையும் சேர்த்துச் சொல்றேன்.

முதல்ல பனங்கட்டி. வரி பூஜ்யம்ங்கிறது பிரிட்டன்ல உருவான சரக்குக்கு மட்டும். பனங்கட்டி யாழ்ப்பாணத்துப் பனையில இருந்து வந்தது. ஆஷ்ஃபோர்டுல பாக்கெட் போட்டா அது ஆங்கிலேயப் பனங்கட்டி ஆயிடுமா? ஆகாது. வெறும் பாக்கெட் போடுறதை உற்பத்தின்னு ஒப்பந்தம் ஏத்துக்காது. அதனால பிரிட்டனுக்குள்ள வரும்போது ஒரு சுங்கம், பிரான்ஸுக்குள்ள போகும்போது அவங்க பொது விகிதத்துல இன்னொரு சுங்கம். இலங்கைக்கு ஐரோப்பிய ஒன்றியம் ஜி.எஸ்.பி. பிளஸ்னு ஒரு வரிச்சலுகை தருது. ஆனா நடுவுல லண்டன்ல சுங்கம் முடிச்சு, உடைச்சு, பாக்கெட் போட்டு அனுப்பினா அந்தச் சலுகையும் போச்சு.

இது நம்ம பனங்கட்டிக்கு மட்டும் வந்த சோதனை இல்லை. இங்கே மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சர்ல பெர்சி பிக்னு பன்றி மூஞ்சி மிட்டாய் பிரபலம். அது ஜெர்மனியில தயாராகி பிரிட்டனுக்கு வருது. இங்கேருந்து அயர்லாந்துல இருக்கிற அவங்க கடைக்கே அனுப்பினா வரி வரும்னு 2021 ஜனவரியில அந்தக் கம்பெனித் தலைவர் விளக்கினார். ஒன்றியத்துக்குள்ள செஞ்ச மிட்டாய், ஒன்றியத்துக்குள்ள போறதுக்கு வரி! வடிவேலு பட வசனம் ஏதாவது ஞாபகம் வந்தா நான் பொறுப்பில்லை.

அடுத்தது மாசிக் கருவாடு. மீன், இறைச்சி, பால், முட்டை எதுவா இருந்தாலும் ஒவ்வொரு தடவையும் சுகாதாரச் சான்றிதழ் வேணும். அங்கீகாரம் பெற்ற கால்நடை மருத்துவரோ அதிகாரியோ பார்த்துக் கையெழுத்துப் போடணும். முன்கூட்டியே அக்கரைக்குத் தகவல் சொல்லணும். சோதனைச் சாவடி இருக்கிற துறைமுகம் வழியாத்தான் போகணும். கருவாடு ஒரு பெட்டியா இருந்தாலும் ஒரு லாரியா இருந்தாலும் கையெழுத்து கையெழுத்துதான்.

மூணாவது அந்த மரப்பலகை! சிரிக்காதீங்க. சரக்குக்குக் கீழே இருக்கிற மரத்துல பூச்சி இருந்துடக் கூடாதுன்னு சர்வதேச விதி ஒண்ணு இருக்கு. மரத்தைச் சூடு காட்டி முத்திரை குத்தியிருக்கணும். ஒன்றியத்துக்குள்ள இருந்த வரைக்கும் அது தேவையில்லை. 2021-ல இருந்து தேவை. அண்ணன்கிட்ட இருந்த பலகையில முத்திரை இல்லை. கறிவேப்பிலைத் தொட்டிக்குக் கீழே கிடக்கிறது அதுதான்.

நாலாவது கூட்டுச் சவாரி. அண்ணனோட பாலட் தனி வேன்ல போகாது. பத்துப் பேர் சரக்கோட சேர்ந்து போகும். ஒருத்தர் பேப்பர்ல ஒரு எண் தப்பா இருந்தா வண்டியே நிக்கும். தப்பே பண்ணாத ஒன்பது பேரும் சேர்ந்து நிக்கணும். அதனால வண்டிக்காரங்க சின்ன ஆட்களோட சரக்கை ஏத்தவே யோசிக்க ஆரம்பிச்சாங்க. 2021 ஜனவரியில ஒரு பெரிய பார்சல் கம்பெனியே ஐரோப்பாவுக்கான தரைவழிச் சேவையைச் சில நாள் நிறுத்தி வெச்சது.

இதுக்கெல்லாம் மேல ஏற்றுமதி அறிவிப்பு, அக்கரையில இறக்குமதி அறிவிப்பு, சரக்குக்குக் குறியீட்டு எண், ரெண்டு பக்கமும் முகவர் கட்டணம்...

"வரி கட்டச் சொன்னா கட்டிப்போட்டுப் போயிருப்பன் தம்பி. பேப்பர் நிரப்பவே ஒரு ஆள் வேணுமெண்டா நான் கடையை யாரிட்டக் குடுக்கிறது?" இது அண்ணன்.

* * *

இப்போ நான் சொல்ல வந்த கருத்து. வர்த்தகத் தடைன்னதும் எல்லாருக்கும் வரிதான் ஞாபகம் வருது. 2025-ல டிரம்ப் புண்ணியத்துல உலகமே 10 சதவீதமா, 25 சதவீதமா, 50 சதவீதமான்னு கிரிக்கெட் ஸ்கோர் மாதிரி கேட்டுக்கிட்டு இருந்தது. வரி கெட்டதுதான். ஆனா வரிக்கு ஒரு நல்ல குணம் இருக்கு. அது சரக்கோட மதிப்புக்கு ஏத்த மாதிரி வரும். நூறு பவுண்டுக்கு அனுப்பினவன் பத்து கட்டுவான், லட்சத்துக்கு அனுப்பினவன் பத்தாயிரம் கட்டுவான். பேப்பருக்கு அந்த மனசாட்சி கிடையாது. பெரியவனுக்கும் சின்னவனுக்கும் ஒரே பாரம், ஒரே கட்டணம்.

சும்மா ஒரு கணக்குப் போடுவோம். ஒரு அனுப்புதலுக்குப் பேப்பர் செலவு 200 பவுண்டுன்னு வெச்சுக்குங்க. லாரியில 50,000 பவுண்டு சரக்கு அனுப்புறவனுக்கு அது அரை சதவீதம் கூட இல்லை. 500 பவுண்டு பாலட் அனுப்புறவனுக்கு 40 சதவீதம். அதாவது "வரி பூஜ்யம்"னு கையெழுத்தான அதே ஒப்பந்தத்துக்குக் கீழே ஒருத்தனுக்கு அரை சதவீத வரி, இன்னொருத்தனுக்கு நாற்பது சதவீத வரி.

கற்பனைக் கணக்குன்னு நினைக்காதீங்க. செஷயர்ல ஒரு சீஸ் கம்பெனி 25, 30 பவுண்டு பரிசுப் பெட்டிகளை ஐரோப்பா முழுக்கத் தபால்ல அனுப்பிக்கிட்டு இருந்தது. 2021 ஜனவரியில ஒவ்வொரு பெட்டிக்கும் 180 பவுண்டு கால்நடை மருத்துவச் சான்றிதழ் தேவைன்னு தெரிஞ்சது. முப்பது பவுண்டு சீஸுக்கு நூற்றெண்பது பவுண்டு கையெழுத்து! சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்னு நம்ம பெரியவங்க சும்மாவா சொன்னாங்க.

ஆராய்ச்சியும் இதையேதான் சொல்லுது. லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ் ஆய்வாளர்கள் 2024 டிசம்பர்ல வெளியிட்ட ஆய்வுப்படி, முன்னாடி ஐரோப்பிய ஒன்றியத்துக்கு ஏற்றுமதி பண்ணிக்கிட்டிருந்த பிரிட்டிஷ் நிறுவனங்கள்ல 14 சதவீதம், அதாவது 16,400 நிறுவனங்கள், அங்கே அனுப்புறதையே நிறுத்திட்டாங்க. மொத்த சரக்கு ஏற்றுமதி குறைஞ்சது 6.4 சதவீதம்தான். இந்த ரெண்டு எண்ணையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாருங்க. நூறுல பதினாலு பேர் காணாமப் போயும் மொத்த மதிப்பு ஆறு சொச்சம்தான் குறைஞ்சிருக்கு. போனவங்க எல்லாம் சின்னவங்க. பெரிய நிறுவனங்கள் சுங்கத்துக்குன்னு தனி டிபார்ட்மென்ட் போட்டுச் சமாளிச்சுட்டாங்க.

2020-ல எல்லாரும் பயந்தது வேற வரிசைக்கு. எம்20 நெடுஞ்சாலையில லாரி மைல் கணக்குல நிக்கும், கடையில சாமான் இருக்காதுன்னு பயம். ஆஷ்ஃபோர்டுக்குப் பக்கத்துல செவிங்டன்ல வயலை வாங்கி லாரி நிறுத்த பெரிய மைதானமே போட்டாங்க. நம்ம வீட்டு மாடியில இருந்து ராத்திரி அந்த விளக்கு வெளிச்சம் தெரியும். பயந்த அளவுக்கு லாரி வரிசை வரலை. உடனே "பாத்தியா, ஒண்ணும் ஆகலையே"ன்னு ஒரு கூட்டம் ஆரம்பிச்சுது.

வரிசை ரோட்டுல நின்னாத்தான் போட்டோ எடுக்க முடியும். இந்த வரிசை மேஜை மேல, பாரத்துக்குள்ள, ஒருத்தர் ராத்திரி பதினொரு மணிக்குக் கடையைச் சாத்திட்டு கம்ப்யூட்டர் முன்னாடி உட்கார்ந்து குறியீட்டு எண் தேடுறதுல நிக்குது. அப்புறம் ஒரு நாள் அவர் "சரி, விடு"ன்னு எழுந்து போயிடுவார். எழுந்து போனவர் எந்த வரிசையிலயும் நிக்கிறதில்லை, எந்த டிவியிலயும் வர்றதில்லை.

* * *

இது ஒரு திசை. மறு திசையில நடந்தது இன்னும் கூத்து.

பிரிட்டன்ல இருந்து போற சரக்கை ஐரோப்பா முதல் நாள்ல இருந்தே முழுசா சோதிச்சுது. ஹாலந்து துறைமுகத்துல லாரி டிரைவர்களோட ஹாம் சாண்ட்விச்சைப் பிடுங்கின வீடியோ உங்கள்ல பல பேர் பார்த்திருப்பீங்க. ஆனா ஐரோப்பாவுல இருந்து வர்ற உணவுச் சரக்கைச் சோதிக்க பிரிட்டன் தயாரா இல்லை. அஞ்சு தடவை தள்ளிப் போட்டாங்க. 2022 ஏப்ரல்ல தள்ளிப் போட்டப்போ, பிரெக்ஸிட்டால வர்ற வாய்ப்புகளுக்குன்னே நியமிச்ச அமைச்சர் ஜேக்கப் ரீஸ்-மாக், இந்தச் சோதனையைக் கொண்டு வந்தா அது நமக்கு நாமே செஞ்சுக்கிற கேடுன்னு சொன்னார். ஐயா, இதைத்தானே எதிர்த்தரப்பு 2016-ல இருந்து சொல்லிக்கிட்டிருந்தது?

ஒருவழியா 2024 ஜனவரி 31-ல சான்றிதழ், ஏப்ரல் 30-ல நேரடிச் சோதனை ஆரம்பிச்சது. டோவர் வழியா வர்ற சரக்குக்குச் சோதனை டோவர்ல இல்லை, 22 மைல் தள்ளி நம்ம செவிங்டன்ல. அந்த வழியா வர்ற இறைச்சி, சீஸ் மாதிரி சரக்குக்கு ஒரு வகைக்கு 29 பவுண்டு வரைக்கும் கட்டணம், ஒரு அனுப்புதலுக்கு அதிகபட்சம் 145. சோதனைக்குக் கூப்பிட்டாலும் கூப்பிடாட்டியும் கட்டணும். இத்தாலியில இருந்து கலந்து கட்டி ஒரு பெட்டி இறக்குற சின்னக் கடைக்காரருக்கு இது எப்படி வலிக்கும்னு மேலே போட்ட கணக்கை வெச்சு நீங்களே பார்த்துக்குங்க.

எல்லையைச் சீரமைக்கிற வகையில குறைஞ்சது 470 கோடி பவுண்டு செலவாகும்னு நாட்டுத் தணிக்கை அலுவலகம் 2024 மே மாசம் சொல்லிச்சு. போர்ட்ஸ்மத் துறைமுகத்துல சுமார் 2.5 கோடி பவுண்டுல கட்டின சாவடியில பெரும்பகுதி தேவைப்படாமலே கிடந்தது. கட்டி முடிக்கிறதுக்குள்ள விதி மாறிப் போச்சு!

வட அயர்லாந்து கதைக்குத் தனிப் பதிவே வேணும். சுருக்கமாச் சொன்னா, அயர்லாந்துத் தீவுக்குள்ள எல்லைக் கோடு போட முடியாது, போட்டா பழைய ரத்தம் ஞாபகம் வரும். அதனால கோட்டைக் கடலுக்குள்ள போட்டாங்க. அதாவது பிரிட்டன்ல இருந்து பிரிட்டனோட இன்னொரு பகுதிக்கே சரக்கு அனுப்பப் பேப்பர். 2019 நவம்பர்ல ஜான்சன் அங்கத்திய வியாபாரிகள்கிட்ட, யாராவது பாரம் நிரப்பச் சொன்னா எனக்கு போன் பண்ணுங்க, குப்பைத் தொட்டியில போடச் சொல்றேன்னார். 2023-ல விண்ட்சர் ஏற்பாடு வந்து பாரத்தைக் குறைச்சது. அப்பவும் பால் பாக்கெட்ல "ஐரோப்பிய ஒன்றியத்துக்கு அல்ல"ன்னு லேபிள் ஒட்ட வேண்டியதாச்சு.

* * *

இவ்வளவு சொன்னதால நான் ஒரு பக்கச் சார்புன்னு முடிவு கட்டாதீங்க. எங்க பக்கத்து வீட்டுப் பெரியவர் பத்திச் சொல்லியாகணும்.

அவர் டோவர்ல சுங்க முகவரா வேலை பார்த்தவர். 1980கள்ல அந்தத் தொழில்ல நல்ல சம்பளமாம். 1993 ஜனவரி 1-ல எல்லைச் சோதனை ஒழிஞ்சதும் வேலை ஒழிஞ்சது. அவரோட வேலை பார்த்த பல பேர் நடுத்தெருவுக்கு வந்தாங்க. "எல்லாரும் பட்டாசு வெடிச்ச நாள்ல எனக்கு வேலை போச்சு. யாராவது என்னைப் பத்தி ஒரு வரி எழுதினாங்களா?"ன்னு கேட்பார். 2016-ல வெளியேறத்தான் ஓட்டுப் போட்டார். அவர் மட்டுமா? டோவர்ல 62 சதவீதம், ஆஷ்ஃபோர்டுல 59 சதவீதம் பேர் அப்படித்தான் போட்டாங்க.

அவர் கேட்கிற கேள்வியில நியாயம் இருக்கு. நம்ம கடையில விற்கிற பாலுக்கு யார் சட்டம் போடுறது? நாம ஓட்டுப் போட்ட ஆளா, பிரசல்ஸ்ல உட்கார்ந்திருக்கிறவரா? பேப்பர் வேண்டாம்னா அவங்க சட்டத்தை ஏத்துக்கணும். அவங்க சட்டம் வேண்டாம்னா பேப்பர் வேணும். ரெண்டுல ஒண்ணுதான். "பேப்பர் பரவாயில்லை, சட்டம் நம்மளோடதா இருக்கட்டும்"னு ஒருத்தர் தெரிஞ்சே சொன்னா அதை நான் மதிக்கிறேன். ஒரு நாடு அப்படி முடிவெடுக்கலாம்.

என் கோபம் எதுல தெரியுமா? அந்த விலைச்சீட்டைக் கடைசி வரைக்கும் மறைச்சதுல. சட்டமும் நம்மளோடது, பேப்பரும் இருக்காதுன்னு சொல்லி வித்தாங்க. 2019-லயே அரசாங்கத்தோட வரித்துறை, சுங்க அறிவிப்புக்கு மட்டும் பிரிட்டிஷ் வியாபாரிகளுக்கு வருஷத்துக்கு 750 கோடி பவுண்டு செலவாகும்னு மதிப்பீடு போட்டிருந்தது. அதிகாரிகளுக்குத் தெரிஞ்சிருந்தது. அமைச்சர்களுக்கும் தெரிஞ்சிருக்கணும். 2020 டிசம்பர்ல டிவி பார்த்து மச்சானுக்கு போன் போட்ட அண்ணனுக்கு மட்டும்தான் தெரியலை.

பெரியவர்கிட்ட ஒரு நாள் கேட்டேன், 2021-க்கு அப்புறம் சுங்க முகவர்களுக்கு ஏக கிராக்கியாச்சே, சந்தோஷம்தானேன்னு. சிரிச்சார். "பேப்பர்ல ஒரு ரொட்டி கூட சுட முடியாது. அது எனக்கு அப்பவே தெரியும்"னார்.

* * *

2025 மே 19-ல லண்டன்ல பிரிட்டனும் ஐரோப்பிய ஒன்றியமும் ஒரு உடன்பாட்டுக்கு வந்தாங்க. உணவு, தாவரப் பொருட்களுக்கு ஒரே சுகாதார விதி வெச்சுக்கலாம், பிரிட்டன் ஐரோப்பிய விதி மாற மாற தானும் மாத்திக்கும், பதிலுக்குச் சான்றிதழும் எல்லைச் சோதனையும் பெரும்பாலும் போகும்னு. அதுக்கான பேச்சுவார்த்தையும் அந்த வருஷமே ஆரம்பிச்சது. இது வந்தா செஷயர் சீஸுக்கு விடுதலை. 470 கோடியில கட்டினதுல எவ்வளவு பாக்கி உபயோகப்படும்ங்கிறது வேற கேள்வி.

பெரியவர் இதைக் கேட்டா, ஓட்டு இல்லாம சட்டத்தை மட்டும் ஏத்துக்கிறதான்னு கொதிப்பார். நியாயமான கொதிப்பு. நான் அப்பவும் இதை ஆதரிக்கிறேன். பால்ல என்ன கலக்கலாம், இறைச்சியை எந்தக் குளிர்ல வைக்கணும்ங்கிற விஷயத்துல ரெண்டு பக்க விதியும் பெரும்பாலும் ஒண்ணாத்தான் இருக்கு. இல்லாத வித்தியாசத்தை நிரூபிக்கச் சொல்லி ஒவ்வொரு பெட்டிக்கும் கையெழுத்துக் கேட்கிறது சுயாட்சி இல்லை, வீண் வேலை. ஆனா இந்த முறையாவது விலையை வெளிப்படையாச் சொல்லிட்டுச் செய்யுங்க: விதி போடுறது அவங்க, ஏத்துக்கிறது நாம.

இதுலயும் அண்ணனோட கருவாட்டுக்குத்தான் ஏதாவது வழி பிறக்கலாம். பனங்கட்டிக்கு வழி இல்லை. அது எங்கே விளைஞ்சதுங்கிற கேள்வி சுகாதாரக் கேள்வி இல்லை, சுங்கக் கேள்வி. மறுபடி சுங்க ஒன்றியத்துக்குள்ள போனாத்தான் அது தீரும்.

மச்சான் இப்போ கொழும்புல இருந்து நேரா பிரான்ஸுக்கே சரக்கு இறக்கிக்கிறார். லா சப்பல்ல பனங்கட்டி கிடைக்குது, விலையும் பரவாயில்லையாம். பாரிஸ் ஒண்ணையும் இழக்கலை. பாக்கெட் போட்ட அக்காவுக்கு அந்த ரெண்டு நாள் வேலை போச்சு. வெள்ளிக்கிழமை வேன் நின்னு போச்சு. "முந்தி கிழமைக்கு நாலு தரம் கதைப்பம். இப்ப மாசத்துக்கு ஒருக்கா. கதைக்க என்ன இருக்கு?"ன்னு அண்ணன் சொன்னப்போ எனக்குப் பதில் தெரியலை. முருங்கைக்காய்க்குக் காசு கொடுத்தேன். பாலட் மேல இருந்த தொட்டியில இருந்து ஒரு கொத்து கறிவேப்பிலை ஒடிச்சுச் சும்மா கொடுத்தார்.

இனிமே எந்த நாட்டுல எந்தத் தலைவர் "தடையில்லா வர்த்தக ஒப்பந்தம்"னு கையெழுத்துப் போட்டு போட்டோவுக்கு நின்னாலும் நான் ரெண்டே கேள்விதான் கேட்கப் போறேன். எத்தனை பாரம்? ஒரு பாலட் அனுப்புறவர் அதை நிரப்ப முடியுமா?

கனடா, ஜெர்மனி, சுவிஸ், சிங்கப்பூர்னு பல பக்கமும் இருக்கீங்க. உங்க ஊர்க் கடைக்காரர் என்ன சொல்றார்னு கேட்டு எழுதுங்க. திட்டுறவங்களும் வரலாம், ஆனா பெரியவர் மாதிரி காரணத்தோட வாங்க :-)

டிஸ்கி: சாயந்திரம் முருங்கைக்காய் சாம்பார் பிரமாதம். கறிவேப்பிலை உள்நாட்டு உற்பத்தி. அதுக்குப் பாரம் எதுவும் தேவைப்படலை.